பின்சந்து வழியா வந்தவரும், குழாயைத் திறந்தவரும்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கெடந்த பதிவு இது. வரலாறு, சொந்தக் கதை, கொஞ்சம் சட்டம் எல்லாம் கலந்து வரும். நீளமும் ஜாஸ்தி. சாப்பிட்டுக்கிட்டே படிக்காதீங்க, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது :)

போன வருசம் ஒரு ஞாயித்துக்கெழமை வீட்டுல ஒரு கண்ணாடி ஜாடி ஒடஞ்சுது. ஒடச்சது நான் தான். கூட்டி அள்ளி, சமையல்கட்டுக் குப்பை இருந்த கவர்லயே போட்டு, மேல ஒரு முடிச்சுப் போட்டு வெச்சுட்டேன். திங்கக்கெழமை வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு. வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

செவ்வாய்க்கெழமை காலைல வழக்கம்போல விசில் சத்தம். பேட்டரி வண்டியில வர்ற அக்கா வலது கையில துணி சுத்தியிருந்தாங்க. "யாரு ஊட்டுலங்க கண்ணாடியக் கவருக்குள்ள போட்டது? பாத்துப் போடக் கூடாதுங்களா?"ன்னு தெருவுக்கே பொதுவாக் கேட்டாங்க. நான் மாடியில நின்னுட்டு இருந்தேன். காதுல ஹெட்செட், ஆபீஸ் மீட்டிங் ஓடுது, நான் மியூட்ல இருக்கேன். அக்கா கேட்ட கேள்விக்கும் மியூட்லயே இருந்துட்டேன். எதிர்வீட்டு ஆன்ட்டி "எங்க ஊடு இல்லம்மா"ன்னாங்க. அக்கா வண்டியைத் தள்ளிட்டுப் போயிட்டாங்க.

நான் சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை பாக்குறவன். கொரோனாவுக்கு அப்புறம் பாதி நாள் சேலத்துல வீட்டுலருந்தே வேலை. என் கோடு எதாச்சும் புரொடக்சன்ல ஒடஞ்சு போச்சுன்னா, 24 மணி நேரத்துக்குள்ள நான் ஒரு அறிக்கை எழுதணும். என்ன ஒடஞ்சுது, யாரு மாத்துனது, ஏன் ஒடஞ்சுது, இனிமே ஒடையாம இருக்க என்ன பண்ணப் போறோம். ஒவ்வொரு "ஏன்"னுக்கும் கீழ இன்னொரு "ஏன்" கேட்டுக்கிட்டே போகணும். ஆபீஸ்ல இவ்வளவு பொறுப்பா இருக்குற ஆளு, வீட்டுல ஒரு அக்கா கை கிழிஞ்சதுக்கு வாயத் தொறக்கல. ஏன்? அந்தக் கேள்விக்கு எழுதுன அறிக்கை தான் இந்தப் பதிவு.

*

அடுத்த வாரம் குகையில இருக்குற அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாயிக்கு 80 தாண்டிடுச்சு. பழைய வீடு, நீளமா ரயில் பெட்டி மாதிரி இருக்கும். முன்னாடி திண்ணை, நடுவுல ஆசாரம், பின்னாடி கொல்லை. கொல்லைச் செவுத்துல, தரையிலருந்து ஒன்றரை அடி ஒசரத்துக்கு ஒரு எடத்துல மட்டும் செங்கல் வேற நெறத்துல இருக்கும். சின்ன வயசுலருந்து பாத்திருக்கேன், என்னன்னு கேட்டதில்ல. இந்த தடவை கேட்டேன்.

"அது எடுப்புக் கக்கூஸு கண்ணு. அங்க ஒரு தகரக் கதவு இருந்துச்சு. பின்சந்துலருந்து அதத் தொறந்து எடுத்துட்டுப் போவான்."

அந்த சந்து இன்னும் இருக்கு. ரெண்டு பேரு எதிரெதிரே நடக்க முடியாத அகலம். ரெண்டு பக்கமும் வீடுகளோட முதுகு மட்டும் தெரியும். எங்க வீட்டுல அதுக்கு "தோட்டி சந்து"ன்னு பேரு. நானும் அப்படித் தான் சொல்லிட்டு இருந்தேன், அர்த்தம் தெரியாம.

"எத்தன வருசம் வந்தாரு அவரு?"

"நாங் கல்யாணம் ஆயி வந்தப்பவே வந்துட்டு இருந்தான். ஒரு இருவது வருசம் இருக்கும்."

"பேரு என்ன?"

அம்மாயி யோசிச்சாங்க. அம்மாயிக்கு ஞாபக சக்தி சாதாரணமானதில்ல. அந்தக் காலத்துப் பால்காரர் பேரு, அவர் கறந்த மாட்டோட பேரு, வெளுக்க வந்தவங்க பேரு, அவங்க மக கட்டிக்குடுத்த ஊரு எல்லாம் சொல்லுவாங்க. இவரு பேரு மட்டும் வரல. "தோட்டின்னு தான் கண்ணு கூப்புடுவோம்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே இன்னொன்னு சொன்னாங்க.

"ஒருக்கா நாலு நாளு வரல. வீடே நாறிப் போச்சு. உங்க அப்பிச்சி போயி முனிசிபாலிட்டில சத்தம் போட்டுட்டு வந்தாரு. அஞ்சா நாளு வந்தான். மொட்டை போட்டிருந்தான். யாரு செத்தாங்கன்னு நாங்க கேக்கல."

இதுக்கு மேல அம்மாயியும் பேசல, நானும் கேக்கல. இருவது வருசத்துல அந்த மனுசன் ஞாபகத்துல நின்னது, அவர் வராத நாலு நாள் மட்டும் தான்.

*

கக்கூஸ்ங்கிறது டச்சு வார்த்தை. "காக்ஹவுஸ்"னு அவங்க சொன்னது கடற்கரை ஊர்கள் வழியா நம்ம வாய்க்கு வந்து கக்கூஸ் ஆயிடுச்சு. வார்த்தையை மாதிரியே அந்த ஏற்பாடும் நம்ம கிராமங்கள்ல இருந்தது இல்ல. காட்டுப் பக்கம் போய்ட்டு வர்ற ஊர்ல எடுப்புக் கக்கூஸுக்கு வேலை இல்ல. நெருக்கமா வீடு கட்டுற டவுன்ல தான் அது வேணும்.

சேலம் நகராட்சி 1866-ல வந்தது. முந்துன வருசம், 1865-ல, மெட்ராஸ் மாகாணத்துல நகர மேம்பாட்டுச் சட்டம் போட்டாங்க. அதுக்கப்புறம் வரிசையா நகராட்சிகள் வந்துச்சு, அதுல சேலமும் ஒண்ணு. கிட்டத்தட்ட அதே சமயம் லண்டன்ல என்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு பாருங்க. 1858 கோடையில தேம்ஸ் ஆறு நாறி, பார்லிமென்ட் உள்ள உக்கார முடியாமப் போச்சு. உடனே பணம் ஒதுக்குனாங்க. ஜோசப் பசால்கெட்னு ஒரு இன்ஜினியர் ஊருக்கு அடியில மைல் கணக்குல செங்கல் சாக்கடை கட்டுனாரு. காலராவுக்கும் கழிவு கலந்த தண்ணிக்கும் தொடர்பு இருக்குன்னு அந்தக் காலத்துல தான் புரிய ஆரம்பிச்சுது.

அதே ஆட்சி தான் இங்கயும். ஆனா இங்க பாதாள சாக்கடை கட்டல. கட்டத் தேவையில்லாத மாதிரி இங்க ஒரு "வசதி" இருந்துச்சு. கூடையும் தகரமும் குடுத்தா, மிகக் கம்மியான கூலிக்கு அள்ள ஒரு சாதி இருந்துச்சு. ஒரு இன்ஜினியரா யோசிச்சா கணக்கு ரொம்ப சிம்பிள். கீழ குழாய் பதிக்க லட்சக்கணக்குல செலவு. மேல மனுசங்கள வெச்சா மாசச் சம்பளம் மட்டும். வெள்ளைக்காரன் போட்ட அந்தக் கணக்கை நாம சுதந்திரத்துக்கு அப்புறமும் பல பத்து வருசம் திருத்தல. சேலத்துல தெருவெல்லாம் பாதாள சாக்கடைக்குத் தோண்டிப் போட்டு, நான் சைக்கிள்ல விழுந்து எந்திரிச்சதெல்லாம் நான் பெரியவன் ஆன காலத்துக் கதை.

*

சரி, அந்தக் கூடையைத் தூக்குனவங்க எங்கருந்து வந்தாங்க? இங்க தான் நம்ம சேலம், நாமக்கல் பக்கத்து மண்ணோட கதை வருது.

என் அப்பாவோட ஊர் சேந்தமங்கலம் பக்கம். (நான் பொறந்தது 1997, நாமக்கல் தனி மாவட்டம் ஆன அதே வருசம். ஜனவரி 1-ஆம் தேதி மாவட்டம் பொறந்துச்சு, நான் கொஞ்சம் லேட்டு.) மழை கம்மியான மேட்டுக்காடு. காவேரி ஓரத்தை விட்டுத் தள்ளி வந்துட்டா, வெவசாயம் கெணத்தை நம்பித் தான். அந்தக் காலத்துல கெணத்துத் தண்ணியை மேல கொண்டு வந்தது கவலை. ஒரு ஜோடி மாடு சரிவுல எறங்கும், வடக்கயிறு இழுக்கும், கெணத்துக்குள்ளருந்து சால் மேல வரும். சாலோட அடியில நீளமா ஒரு தோல் வால் இருக்கும். அது வழியாத் தான் தண்ணி வாய்க்கால்ல கொட்டும். தாத்தா இதைச் சொல்லும்போது கையாலயே வரைஞ்சு காட்டுவாரு.

அந்தத் தோலைப் பதப்படுத்தி, தெச்சு, கிழிஞ்சா ஒட்டுப் போட்டுக் குடுத்தவங்க அருந்ததியர்கள். கொங்குப் பக்கம் மாதாரின்னு சொல்லுவாங்க. தெலுங்கு, கன்னடம், தமிழ்னு வீட்டு மொழி மாறும். தோல் வேலை மட்டும் இல்ல, பண்ணையாளா காட்டு வேலை மொத்தமும் அவங்க தான். கூலி பெரும்பாலும் தானியமா. சாவு வீட்டுலருந்து கல்யாண வீடு வரைக்கும் அவங்க செய்ய வேண்டிய வேலைன்னு ஒரு பட்டியல் இருக்கும், அவங்களுக்குக் கெடைக்க வேண்டிய மரியாதைன்னு எதுவும் இருக்காது. ஊர்க் கெணத்துல தண்ணி எடுக்க முடியாது. இத்தனைக்கும் அந்தக் கெணத்துலருந்து தண்ணியை மேல ஏத்துற தோலே அவங்க கை பட்டது தான்! இதை நான் தாத்தாகிட்டக் கேட்டப்போ அவரு சிரிச்சாரு. பதில் இல்லாத சிரிப்பு.

அப்புறம் கரண்ட் வந்துச்சு. 1930-களோட ஆரம்பத்துல பைகாரா, 1934-ல மேட்டூர் அணை கட்டி முடிச்சு, 1937-ல அங்க மின்சாரம். சுதந்திரத்துக்குப் பெறகு மோட்டார் பம்புசெட்டு கெணத்துக்குக் கெணறு வந்துச்சு. கவலைச் சரிவெல்லாம் புல்லு மொளச்சுப் போச்சு. கமலை மாட்டை வித்தாங்க. தோல் சாலுக்கு வேலை போச்சு. பாட்டா மாதிரி கம்பெனிச் செருப்பு வந்தப்புறம் கைச்செருப்புக்கும் வேலை கொறஞ்சுது. மோட்டார் வெச்சவனுக்கு வெளைச்சல் ஏறுச்சு. தோலைத் தெச்சவனுக்கு நெலமும் இல்ல, படிப்பும் இல்ல. டவுனுக்குப் போனா அவங்களுக்குன்னு "ஒதுக்கி" வெச்சிருந்த வேலை ஒண்ணே ஒண்ணு தான் இருந்துச்சு. ஏற்கனவே நகராட்சியில அந்த வேலையில இருந்த சொந்தக்காரங்களோட போய்ச் சேந்தாங்க. இன்னிக்கும் மேற்குத் தமிழ்நாட்டு டவுன்கள்ல தூய்மைப் பணியாளர்கள்ல பெரும்பாலானவங்க யாருன்னு பாத்தா இது புரியும்.

நம்ம ஊரு பெருமைன்னா லாரி, முட்டை, ரிக் வண்டி, ஜவ்வரிசி, மாம்பழம்னு பட்டியல் போடுவோம். அந்தப் பட்டியல்ல தோல் சால் வராது. மழை கம்மியான இந்த மேட்டுக்காட்டுல வெவசாயம் நடந்ததே அதனால தான்.

*

இப்ப ஒரு நல்ல கதை. 1917-ல சேலம் நகராட்சிக்குத் தலைவரா வந்தவரு சி. ராஜகோபாலாச்சாரி. நம்ம ராஜாஜி. அப்ப அவரு சேலத்துல நல்லா சம்பாதிச்ச வக்கீல். 1919 வரைக்கும் அந்தப் பதவியில இருந்தாரு. கிட்டத்தட்ட அதே காலத்துல 60 கிலோமீட்டர் தள்ளி ஈரோட்டு நகராட்சித் தலைவரா இருந்தவரு யாரு தெரியுமா? ஈ.வெ. ராமசாமி நாயக்கர். பின்னால பெரியார். ஈரோட்டுக்குக் காவேரித் தண்ணியைக் குழாய்ல கொண்டு வந்ததுல அவருக்குப் பெரிய பங்கு இருக்கு. ரெண்டு பேரும் நண்பர்கள். பிற்காலத் தமிழ்நாட்டு அரசியலோட ரெண்டு எதிர்த் துருவம், அன்னிக்குப் பக்கத்துப் பக்கத்து ஊர்ல சாக்கடையும் குடிதண்ணியும் பாத்துட்டு இருந்தாங்கங்கிறது எனக்கு ரொம்பப் புடிச்ச விசயம்.

ராஜாஜி சேர்மனா இருந்தப்போ நடந்த ஒரு சம்பவம் அவரோட வாழ்க்கை வரலாறுகள்ல வரும். அக்ரகாரத்துல நகராட்சிக் குடிதண்ணிக் குழாயைத் தெறந்து விடுற வேலைக்கு, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு ஊழியரைப் போட்டாங்க. அக்ரகாரம் கொதிச்சுப் போச்சு. அவன் கை பட்ட குழாய்த் தண்ணியை நாங்க எப்படிக் குடிக்கிறதுன்னு எதிர்ப்பு. ராஜாஜி பின்வாங்கல. அவரும் அதே சாதி, அதே ஊரு. ஆனாலும் நின்னாரு.

இதைப் படிச்சப்ப முதல்ல "சபாஷ்"னு தான் தோணுச்சு. அம்மாயி வீட்டுச் சந்தைப் பாத்துட்டு வந்தப்புறம் வேற ஒண்ணு தோணுச்சு. அந்த அக்ரகாரத்துக்கு தினமும் காலைல பின்பக்கமா ஒரு ஆள் வந்துட்டுத் தானே இருந்திருப்பாரு? அதுக்கு யாரும் மனு குடுக்கல. கூடையோட பின்சந்துல வந்தா தீட்டு இல்ல. வராட்டித் தான் சேர்மன்கிட்ட புகார் போகும். அதே மாதிரி ஒரு மனுசன், கையில சாவியோட, முன்பக்கத் தெருவுல நடந்து வந்து எல்லாரும் குடிக்கிற தண்ணியைத் தெறந்து விட்டா மட்டும் ஊரே பத்திக்குது. ஆக, பிரச்சனை அழுக்குல இல்ல. அவரு எந்தப் பக்கமா வர்றாரு, கையில எதை வெச்சிருக்காருங்கிறதுல தான்.

கூடைக்குப் பதிலா சாவியைக் குடுத்ததுல தான் அந்த முடிவோட அருமை இருக்கு. துப்புரவுத் தொழிலாளிக்குப் பொன்னாடை போத்தியிருந்தா எந்தக் கலவரமும் வந்திருக்காது. கைதட்டிட்டுப் போயிருப்பாங்க.

*

ராஜாஜி அதோட நிக்கல. 1925 பிப்ரவரியில, இன்னிக்கு நாமக்கல் மாவட்டத்துல இருக்குற திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சாரு. நெலம் குடுத்தது புதுப்பாளையத்து ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். மழை பொய்ச்ச காட்டுல ஜனங்களுக்கு ராட்டையும் நூலும் குடுத்துக் கூலிக்கு வழி பண்ணுன எடம் அது. சாராயத்தை எதிர்த்து "விமோசனம்"னு பத்திரிகை நடத்துனாங்க, கல்கி அங்க தான் இருந்தாரு. 1937-ல ராஜாஜி பிரதமரா (அன்னிக்கு மாகாண முதல்வருக்கு அது தான் பட்டம்) வந்தப்போ இந்தியாவுலயே முதல்ல மதுவிலக்குக் கொண்டு வந்தது எங்க சேலம் மாவட்டத்துல தான், அக்டோபர் 1-ஆம் தேதி. ஆசிரமம் இன்னிக்கும் இருக்கு.

காந்தி ஆசிரமங்களோட அடிப்படை விதி, அவங்கவங்க கழிவை அவங்கவங்களே சுத்தம் பண்ணணும்ங்கிறது. காந்தி 1901 கல்கத்தா காங்கிரஸ்ல, கக்கூஸ் நாறுதுன்னு சொன்னப்ப "அது தோட்டி வேலை"ன்னு தொண்டர்கள் ஒதுங்கிக்க, தானே வெளக்குமாத்தை வாங்கிச் சுத்தம் பண்ணுனதைச் சுயசரிதையில எழுதியிருக்காரு. என் கேள்விக்கு நேரடியான பதில் அது. என் கண்ணாடிக்கு நான் பொறுப்பு. முடிஞ்சுது கதை. அப்படின்னு பதிவை இங்கயே முடிச்சிருக்கலாம்.

ஆனா அதே காந்தி, துப்புரவு வேலை ஒரு புனிதமான சேவைன்னும், ஒரு தாய் குழந்தைக்குச் செய்யறது மாதிரின்னும் பல தடவை பேசியிருக்காரு. அம்பேத்கருக்கு இந்த இடத்துல தான் கோவம் வந்துச்சு. 1945-ல வந்த புத்தகத்துல, ஒருத்தனை அந்த வேலையிலயே இருக்க வெச்சுட்டு, அந்த வேலையைப் புகழ்றது கொடுமையான கேலின்னு போட்டுத் தாக்குனாரு. யோசிச்சுப் பாத்தா அவரு சொன்னது தான் சரி. காந்தி வெளக்குமாத்தை எடுத்தாரு, அப்புறம் கீழ வெச்சுட்டு வேற வேலைக்குப் போனாரு. கீழ வெக்கிற உரிமை எங்க வீட்டுப் பின்சந்துல வந்தவருக்கு இல்ல.

குழாய்ச் சாவியைக் குடுத்த அதே ராஜாஜி, 1953-ல முதலமைச்சரா இருந்தப்போ ஒரு ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டு வந்தாரு. கிராமத்துப் பசங்க அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பா அம்மா செய்யிற தொழிலைப் பழகணும். பள்ளிக்கூடமும் வாத்தியாரும் கம்மி, ரெண்டு ஷிஃப்ட்டா நடத்துனா ரெண்டு பங்குப் பசங்க படிக்கலாம்ங்கிறது அவரு பக்கத்து வாதம். அது முழுக்கப் பொய்யான வாதம் இல்ல. ஆனா சேந்தமங்கலம் பக்கம் தோல் சால் தெச்சவரோட பையன் மத்தியானத்துக்கு மேல என்ன பழகுவான்? டவுனுக்குப் போன சித்தப்பன்கிட்ட என்ன பழகுவான்? பெரியார் அதுக்கு வெச்ச பேரு "குலக்கல்வி". ஒரே வார்த்தையில திட்டம் காலி. 1954 ஏப்ரல்ல காமராஜர் முதலமைச்சர் ஆனாரு, திட்டத்தைக் கைவிட்டாங்க.

ராஜாஜியை வில்லனாக்கவோ ஹீரோவாக்கவோ இதைச் சொல்லல. அவ்வளவு அறிவும், அவ்வளவு துணிச்சலும் இருந்த ஒருத்தரு 1917-ல சரியாப் பாத்த விசயத்தை 1953-ல பாக்கத் தவறுனாருன்னா, மாடியில மியூட்ல நின்ன நான் எம்மாத்திரம்னு தான் தோணுது. ஒருத்தரோட வேலையை மதிக்கிறது ஒண்ணு. அந்த வேலையை விட்டுப் போக அவருக்கு வழி இருக்கணும்னு நெனைக்கிறது இன்னொண்ணு. முதலாவது இருந்தாலே போதும்னு நெனச்சுக்கிறோம்.

*

சட்டக் கதையை வேகமாச் சொல்லிடறேன். மனுசன் மலத்தை மனுசனே அள்ளுறதைத் தடை பண்ணி முதல் சட்டம் 1993-ல. சுதந்திரம் வந்து 46 வருசம் கழிச்சு. எடுப்புக் கக்கூஸ் கட்டுறதையும் அதுல தடை பண்ணுனாங்க. சட்டம் பேப்பர்லயே இருந்துச்சு. பெஜவாடா வில்சன் (கோலார் தங்கவயல்ல இதே வேலை செஞ்ச குடும்பத்துல பொறந்தவரு, 2016-ல மகசேசே விருது வாங்குனவரு) ஆரம்பிச்ச சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 2013-ல புதுச் சட்டம் வந்துச்சு. பாதுகாப்பு இல்லாம சாக்கடைக்குள்ளயும் செப்டிக் டேங்குக்குள்ளயும் ஆளை எறக்குறதும் குத்தம்னு அதுல சேத்தாங்க. 2014 மார்ச் 27 தீர்ப்புல, 1993-லருந்து சாக்கடைக்குள்ள செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் குடுக்கணும்னு நீதிமன்றம் சொல்லுச்சு. 2023 அக்டோபர்ல அது 30 லட்சம் ஆச்சு. அந்தச் சாவுக் கணக்குல தமிழ்நாடு நாட்டுலயே முன்வரிசை. எதுல எல்லாம் முதலிடம்னு பெருமைப்படுற நாம இதைச் சொல்லிக்கிறதில்ல.

வேலையை விட்டுப் போற வழிக்கும் ஒரு சட்டம் வந்துச்சு. 2009-ல தமிழ்நாட்டுல அருந்ததியருக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு. பட்டியல் சாதிகளுக்குள்ள இப்படிப் பிரிக்கலாமான்னு வழக்கு போயி, 2024 ஆகஸ்ட் 1-ல உச்ச நீதிமன்றத்தோட ஏழு நீதிபதிகள் அமர்வு பிரிக்கலாம்னு சொல்லிடுச்சு. என்னைப் பொறுத்தவரைக்கும் 1917-ல குடுத்த குழாய்ச் சாவிக்கு நேர் வாரிசு இது தான்.

பேரும் மாத்திக்கிட்டே வந்தோம். தோட்டி, துப்புரவுத் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர், 2020-ல தூய்மைப் பணியாளர். பேரு மாத்துனது நல்லது தான், கிண்டல் பண்ணல. அதே 2020-ல கொரோனா வந்தப்ப பல ஊர்ல அவங்களுக்குக் காசு மாலை போட்டோம், பூ தூவுனோம், கால் கழுவுனோம், போட்டோ எடுத்தோம். 2025 ஆகஸ்ட்ல சென்னையில ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் குடுக்கறதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசல்ல 13 நாள் உக்காந்தாங்க. 13-ஆம் தேதி ராத்திரி போலீஸ் வந்து அள்ளிட்டுப் போச்சு. பூ தூவுன நம்மள்ல எத்தன பேரு அந்த 13 நாள்ல அவங்க என்ன கேக்குறாங்கன்னு முழுசாப் படிச்சோம்? நான் குப்பை தேங்குற நியூஸைத் தான் முதல்ல படிச்சேன். அப்பிச்சி முனிசிபாலிட்டில சத்தம் போட்ட மாதிரியே தான். வராதப்பத் தான் தெரியுது.

*

அறிக்கைக்கு முடிவுரை எழுதணும்.

என்ன ஒடஞ்சுது: ஒரு ஜாடி, ஒரு கை. யாரு ஒடச்சது: நான். ஏன் கவருக்குள்ள போட்டேன்: அதைக் கையால பிரிக்க ஒரு ஆள் இருக்குங்கிறது எனக்குத் தோணவே இல்ல. ஏன் தோணல: எங்க வீட்டுல மூணு தலைமுறையா குப்பையும் கழிவும் தானா மறைஞ்சு போயிட்டு இருக்கு. அம்மாயிக்குப் பின்சந்து, எனக்குக் கருப்புக் கவர். 2016-ல வந்த விதியே குப்பையைப் பிரிச்சுக் குடுக்குறது வீட்டுக்காரன் பொறுப்புன்னு சொல்லுச்சு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் பண்ணல.

அம்மாயி வீட்டுலருந்து வந்த அடுத்த நாள் விசில் சத்தம் கேட்டதும் கீழ எறங்கிப் போனேன். "அக்கா, அன்னிக்குக் கண்ணாடி எங்க வீட்டுது தான். நான் தான் போட்டேன்"னு சொன்னேன். பெருசா எதாச்சும் நடக்கும்னு எதிர்பாத்தேன் போல. அவங்க என்னை ஒரு தடவை பாத்தாங்க. "அன்னிக்கே சொல்லிருக்கலாமுல்லங்க தம்பி. ஊசி போடுறதா வேண்டாமான்னு ரோசனையாவே இருந்துச்சு. என்ன கண்ணாடி, துருப்புடிச்சதா என்னன்னு தெரியல"ன்னாங்க.

இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க! நான் மன்னிப்பு, குற்ற உணர்ச்சி, வரலாறுன்னு என்னென்னமோ யோசிச்சுட்டு இருந்தேன். அவங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு தகவல். சாதாரணக் கண்ணாடி தான், மருந்து ஊசியோ துருப்பிடிச்ச தகரமோ இல்லைங்கிற தகவல். அந்த ஒரு வரியைக் குடுக்க எனக்குப் பத்து நாள் ஆயிருக்கு.

"இனிமே பேப்பர்ல சுத்தி, தனியா கையில குடுங்க"ன்னாங்க. குடுக்கறேன். அவங்க பேரையும் கேட்டேன், சொன்னாங்க. அதை இங்க எழுதப் போறதில்ல, அது பதிவுல போடறதுக்காகக் கேட்டது இல்ல. அவங்க பொண்ணு பி.காம். ரெண்டாவது வருசம் படிக்குதாம். "இந்த வேலைக்கு மட்டும் வரக் கூடாதுங்க"ன்னாங்க.

அம்மாயிகிட்ட போன்ல இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அவன் பேரு எப்பிடியாச்சும் ஞாபகம் வந்தா சொல்றேன் கண்ணு"ன்னாங்க. இன்னும் வரல.

டிஸ்கி: வீட்டுல ஒடஞ்ச கண்ணாடி, பிளேடு, ஊசி இருந்தா நாலு மடிப்புப் பேப்பர்ல சுத்தி, மேல "கண்ணாடி"ன்னு எழுதித் தனியாக் குடுங்க. நாப்கின், டயப்பரும் அதே மாதிரி தனியா. மறந்துபோயி உள்ள போட்டுட்டீங்கன்னா ஓடிப் போயாவது சொல்லிடுங்க. ரெண்டு நிமிச வேலை தான்.